பல்லை நறநறவென்று கடிப்பதால் ஈறு கெட்டுப்போகுமா?

உங்கள் கேள்வியை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன். வயது 38. இரவில் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக மனைவி பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். காலையில் எழுந்தால் இரண்டு கன்னமும் நெற்றிப்பொட்டும் வலிக்கின்றன. வாயை அகலத் திறந்தால் வலது காதுக்கு முன்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம். இதற்கு நடுவில் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். கீழ் முன்பற்களில் இரண்டு லேசாக ஆடுகின்றன. ஒரு பல் மருத்துவர் “கடித்துக் கடித்தே ஈறைக் கெடுத்துக்கிட்டீங்க, முதல்ல நைட் கார்டு போடுங்க” என்றிருக்கிறார் (நைட் கார்டு என்பது தூங்கும்போது பல் வரிசையின்மேல் மாட்டிக்கொள்ளும் உறை). இன்னொருவர் “அதெல்லாம் அப்புறம், முதல்ல ஈறைச் சுத்தம் பண்ணணும்” என்றிருக்கிறார். யார் சொல்வது சரி என்பது நீங்கள் எழுதிய கேள்வி. கடிப்பதை நிறுத்திவிட்டால் ஆடுகிற பல் தானாக உறுதியாகிவிடுமா என்பதுதான் உங்கள் மனதில் ஓடுகிற கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் ஈறு நோய்ப் பிரிவில் மேற்படிப்பு முடித்து, பல வருடங்களாக அந்த வேலையையே செய்துவருகிறேன். உங்கள் வாயையும் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயையும் பார்க்கவில்லை. ஆகவே அந்த இரண்டு பற்களும் தங்குமா என்று என்னால் சொல்ல முடியாது. எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும், ஏன் என்பதைச் சொல்லலாம். வரிசையைப் பொறுத்தவரை இரண்டாவது மருத்துவர் சொன்னது சரி. முதலாமவர் சொன்ன நைட் கார்டும் உங்களுக்குத் தேவைப்படலாம். ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணம் சரியில்லை.

ஈறு நோயைத் தொடங்கிவைப்பது, பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படியும் கிருமிப் படலம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் பத்து நாளில் பழையபடி ஆனது. யாருடைய கடியையும் யாரும் மாற்றவில்லை; மாறியது அழுக்கு மட்டும்தான். இந்த வீக்கம் முழுதாக ஆறக்கூடியது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அது உள்ளே இறங்கி, வேரைப் பிடித்திருக்கும் நாரையும் எலும்பையும் கரைக்கிறது. அப்படிக் கரைந்தது தானாகத் திரும்பி வராது. எல்லோருக்கும் இது நடப்பதில்லை. புகைபிடிப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். புகைபிடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புகை ரத்தக்கசிவைக் குறைத்துக் காட்டுவதால், நோய் முற்றும்வரை ஈறு பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும்.

ஆகவே நீங்கள் துலக்கும்போது வரும் ரத்தத்துக்கும் இரவில் பல்லைக் கடிப்பதற்கும் சம்பந்தம் இல்லை. ரத்தம் வந்தால் அங்கே அழுக்கும் அழற்சியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஈறு நன்றாக இருக்கிறவர் ராத்திரி முழுக்கக் கடித்தாலும் அதனால் ஈறில் ரத்தம் வராது.

பிறகு ஏன் இத்தனை மருத்துவர்கள் கடிப்பதையும் ஈறு நோயையும் முடிச்சுப் போடுகிறார்கள்? இது நூறு வருடத்துக்கும் மேலான பழைய வழக்கு. 1901-லேயே வியன்னாவைச் சேர்ந்த கரோலி என்ற பல் மருத்துவர், நம் ஊர் வழக்கில் பயோரியா என்கிறோமே அந்த நோய்க்கும் பல்லைக் கடிப்பதற்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். 1960-களில் அமெரிக்காவின் இர்விங் கிளிக்மன், கிருமி ஒரு பக்கமும் அதிகப்படியான அழுத்தம் ஒரு பக்கமுமாகச் சேர்ந்து எலும்பை அழிக்கின்றன என்றார். வேரை ஒட்டிச் செங்குத்தாக எலும்பு குழிவிழுந்து போவதற்கு அதுதான் காரணம் என்பது அவர் கட்சி. நார்வேயைச் சேர்ந்த வேர்ஹௌக் 1979-ல் அதை மறுத்தார். இறந்தவர்களின் தாடைகளை ஆராய்ந்து, கிருமிப் படலம் வேரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறதோ அதை ஒட்டித்தான் எலும்பு கரைந்திருக்கிறது, அழுத்தத்துக்கு அதில் வேலையே இல்லை என்றார். இரண்டு பக்கத்தையும் படித்தால் இரண்டுமே நியாயமாகத்தான் தெரியும். எங்கள் பாடப்புத்தகங்களில் இந்தச் சண்டைக்கென்றே தனி அத்தியாயம் உண்டு.

சண்டையைத் தீர்க்க மனிதர்களிடம் சோதனை செய்ய முடியாது. ஒருவருக்கு வேண்டுமென்றே ஈறு நோயை வரவைத்து, பல்லையும் ஆட்டிப் பார்ப்பது நியாயமில்லை. ஆகவே 1970-களில் விலங்குகளிடம் செய்தார்கள். ஸ்வீடனில் லிண்டே குழுவினர் பீகிள் நாய்களிடமும், அமெரிக்காவில் ரோசெஸ்டரில் போல்சன் குழுவினர் அணில் குரங்குகளிடமும் பற்களை முன்னும் பின்னுமாக ஆட்டிப் பார்த்தார்கள். ஒரு விஷயத்தில் இரண்டு குழுவும் ஒத்துப்போயின. ஈறு ஆரோக்கியமாக இருந்தால், எவ்வளவு ஆட்டினாலும் பல் ஆட்டம் காணுமே தவிர, ஈறுக்கும் வேருக்கும் உள்ள பிடிப்பு விடுவதில்லை. வேரைச் சுற்றியுள்ள நார் இடைவெளி அகலமாகிறது, எலும்பு கொஞ்சம் விலகிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆட்டத்தை நிறுத்தினால் எலும்பு திரும்பி வருகிறது. ஈறு நோய் ஏற்கெனவே இருக்கும்போது என்ன ஆகிறது என்பதில்தான் முடிவுகள் பிரிந்தன. நாய்களிடம் அழுத்தம் சேர்ந்ததும் பிடிப்பு வேகமாக விட்டது. குரங்குகளிடம் எலும்பு அதிகம் போனாலும் பிடிப்பு கூடுதலாக விடவில்லை. விலங்கு வேறு, ஆட்டிய விதம் வேறு, காலம் வேறு என்பதால் எது மனிதருக்குப் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

குரங்குச் சோதனையில் இன்னொரு பகுதி இருக்கிறது. உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் அதில்தான். நோயும் அழுத்தமும் சேர்ந்திருந்த பற்களில், அழுத்தத்தை மட்டும் நீக்கிவிட்டு அழற்சியை அப்படியே விட்டபோது எலும்பு திரும்பவில்லை. அழற்சி, அழுத்தம் இரண்டையும் நீக்கியபோது அழுத்தத்தால் போன எலும்பு கணிசமாகத் திரும்பியது. கவனியுங்கள், பிடிப்பு திரும்பவில்லை. எலும்பின் அடர்த்தி திரும்பி, பல் இறுகியது. ஈறு அழுகிக்கொண்டிருக்கும்போது நைட் கார்டு மட்டும் போடுவதால் ஏன் பெரிதாக ஒன்றும் நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது. மாடு கட்டின முளைக்குச்சி மாதிரிதான். இறுகின மண்ணில் மாடு எவ்வளவு இழுத்தாலும் குழி கொஞ்சம் அகலமாகும், முளை நிற்கும். மண் கரைந்துபோயிருந்தால் மாட்டைப் பிடித்து நிறுத்தினால் மட்டும் முளை இறுகிவிடாது.

மனிதர்களிடம் கிடைத்திருக்கும் ஆதாரம் இவ்வளவு தெளிவாக இல்லை. 2001-ல் நன், ஹாரல் என்ற இருவர் பழைய சிகிச்சைக் குறிப்புகளை வைத்து, கடி, அதாவது மேல் பல்லும் கீழ் பல்லும் பொருந்தும் விதம், சரியில்லாத பற்களில் ஈறுப் பள்ளம் (ஈறு பல்லை விட்டு விலகி உண்டாகும் இடைவெளி) ஆழமாக இருப்பதாகவும், கடியைச் சரிசெய்தவர்களுக்கு நோய் மெதுவாக நகர்வதாகவும் எழுதினார்கள். ஆனால் அது பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. அதில் பார்த்தது கடி பொருந்தாததைத்தான், தூக்கத்தில் கடிப்பதை அல்ல, இரண்டும் வேறு. 2015-ல் கடிக்கும் பழக்கத்தையும் ஈறையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கடிப்பது மட்டுமே ஈறின் பிடிப்பைக் கெடுக்கும் வாய்ப்பு குறைவு என்று முடித்தார்கள். 2018-ல் வெளியான உலக அளவிலான ஈறு நோய் வகைப்பாடும், அதிகப்படியான அழுத்தம் ஈறு நோயை உண்டாக்குகிறது அல்லது வேகப்படுத்துகிறது என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான ஆதாரம் இல்லை என்றுதான் சொல்கிறது. அதே வகைப்பாடு, நோய் முற்றி எலும்பு குறைந்துபோன பல்லுக்குச் சாதாரண மென்று தின்னும் அழுத்தம்கூடத் தாங்காமல் போகலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறது. நான் பார்க்கிறவர்களிடமும் அப்படித்தான். கடிப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் பல் தேய்ந்து மழுங்கியிருக்கும், எலும்பு கல் மாதிரி இருக்கும், ஈறுப் பள்ளம் ஒன்றும் இருக்காது. இது என் அனுபவம்தான், ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, உங்கள் பல் எதனால் ஆடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தம் மாதிரி இல்லை ஆட்டம். அதற்குப் பல காரணம் இருக்கலாம். ஆகவே மூன்று நான்கு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலில் மில்லிமீட்டர் கோடு போட்ட மழுங்கின முனைக் கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் அளக்கிறோம். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை சாதாரணம். நான்கோ அதற்கு மேலோ போய், அளந்த இடத்தில் ரத்தமும் கசிந்தால் நோய் இருக்கிறது. அடுத்து இரண்டு கருவிகளின் உலோகக் கைப்பிடிகளுக்கு நடுவே பல்லை வைத்து முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்க்கிறோம். கண்ணுக்குத் தெரிந்து ஒரு மில்லிமீட்டருக்குள் அசைந்தால் முதல் நிலை. அதற்கு மேல் அசைந்தால் இரண்டாம் நிலை. மேலிருந்து அமுக்கினால் உள்ளே இறங்கினால் மூன்றாம் நிலை. அங்கே நம்பிக்கை குறைவு.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது, அதற்கு விரல் போதும். மேல் பற்களின் வெளிப்புறம், ஈறோரமாக விரல்நுனியை லேசாக வைத்துக்கொண்டு, “பல்லை டக் டக்குனு தட்டுங்க… இப்ப அப்படியே பக்கவாட்டுல தேய்ங்க” என்பேன். ஒழுங்கான பற்கள் விரலுக்கு ஒன்றும் சொல்லாது. அதிக அழுத்தம் வாங்கும் பல் மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் விரலடியில் துடிக்கும். பல பேருக்குத் தங்கள் பல் ஒன்று இப்படித் துடிப்பது அதுவரை தெரியாது. விரலைப் பிடித்து வைத்தால் அவர்களே உணர்வார்கள். கடைசியாக எக்ஸ்ரே. ஆரோக்கியமான பல்லில் வேரைச் சுற்றி 0.2 மில்லிமீட்டர் அளவில் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். அதுதான் நார் இருக்கும் இடம். அழுத்தம் வாங்கும் பல்லில் அந்தக் கோடு தடிக்கும். ஈறு நோயில் எலும்பின் மேல்விளிம்பே கீழே இறங்கியிருக்கும்.

எலும்பு முழுசாக இருந்து, பள்ளம் இல்லாமல், கோடு மட்டும் தடித்திருந்தால் அது அழுத்தத்தால் மட்டும் ஆடும் பல். அழுத்தத்தைக் குறைத்தால் இறுகும். உங்கள் முதல் மருத்துவர் சொன்னது அந்த மாதிரிப் பல்லுக்குப் பொருந்தும். எலும்பு குறைந்து, பள்ளம் ஆழமாகி, ரத்தமும் வந்தால் முதலில் அழற்சியைத் தீர்க்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். காரணம், ஆடுவது கீழ் முன்பற்கள். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பிக் குழாய் திறக்கும் இடம் அவற்றுக்கு நேர் பின்னால் இருப்பதால், அழுக்கு இறுகிக் கல்லாகும் காரை முதலில் கட்டுவதே அங்கேதான். வேரும் மெல்லியது, சின்னது. கொஞ்சம் எலும்பு போனாலும் ஆட்டம் தெரிந்துவிடும். நாக்கு நுனியால் அந்தப் பற்களின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக மேடு தட்டுப்பட்டால் அது பல் இல்லை, காரை.

தாடை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே முதலில் சொல்ல வேண்டியது, தாடை மூட்டு வலியும் ஈறு நோயும் பெரும்பாலும் தனித்தனி நோய்கள் என்பது. ஒன்று மூட்டையும் தசையையும் சேர்ந்தது, மற்றது கிருமியைச் சேர்ந்தது. உங்களுக்கு இரண்டும் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று ஆகிவிடாது. காதுக்கு முன்னால் கேட்கும் ‘டக்’, மூட்டுக்கு நடுவில் இருக்கும் வட்டு கொஞ்சம் முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது மறுபடி இடத்தில் உட்காரும் சத்தம். இது மிகச் சாதாரணம். வலியில்லாமல், வாய் திறப்பதில் தடையும் இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. உங்கள் கையின் நடு மூன்று விரல்களை நிமிர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கு இடையில் விட முடிந்தால் திறப்பு போதுமானது. அது ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். சத்தம் திடீரென்று நின்று, அதோடு வாயும் பாதிக்கு மேல் திறக்காமல் போனால் வட்டு மாட்டிக்கொண்டிருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

காலையில் கன்னமும் நெற்றிப்பொட்டும் வலிப்பது தசை வலி. கன்னத்தில் கைவைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள், புடைத்து எழும்புகிறதே, அந்தத் தசைதான். இரவு முழுக்கக் கடித்ததால் வலிக்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் தூக்க ஆய்வகத்தில் வைத்து அளந்தவர்கள் கண்டது வேறு. நாள்பட்ட தாடை வலி உள்ளவர்கள், இல்லாதவர்களைவிட அதிகமாக நறநறப்பதில்லை. அவர்களுடைய தாடைத் தசை தூக்கத்தில் லேசாக இறுகியே கிடக்கிறது, அவ்வளவுதான். பகலில் தெரியாமல் பல்லை இறுக்கி வைத்துக்கொள்வது இரவுக் கடியைவிட வலிக்குப் பெரிய காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்தும்கூட. கம்ப்யூட்டர் முன்னால், வண்டி ஓட்டும்போது, கோபத்தை அடக்கும்போது உங்கள் பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று இரண்டு நாள் கவனியுங்கள். சாப்பிடாத, விழுங்காத நேரத்தில் மேல் பல்லும் கீழ் பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கும், பல் விலகியிருக்கும், அதுதான் தாடையின் ஓய்வு நிலை. ஒரு நாள் முழுவதையும் கூட்டினாலும் பற்கள் தொட்டுக்கொள்ளும் நேரம் சுமார் 20 நிமிடத்தைத் தாண்டாது என்பது பழைய கணக்கு.

தாடையும் ஈறும் நிஜமாகவே சந்திக்கும் இடங்களும் உண்டு. பாதி முளைத்த ஞானப்பல்லைச் சுற்றி ஈறு சீழ்பிடித்தால், அழற்சி பக்கத்துத் தசைக்குப் பரவி வாயே திறக்காமல் போகும். பலர் அதைத் தாடைப் பிடிப்பு என்று நினைத்துக் கன்னத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருப்பார்கள். வாயை அகலத் திறக்க முடியாதவருக்குக் கடைவாய்ப் பற்களின் பின்பக்கம் பிரஷ் போகாது. அங்கே அழுக்கு சேர்ந்து ஈறு கெடும். இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. ஈறைச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருந்தால் தாடை வலி உள்ளவருக்கு அடுத்த மூன்று நாள் நரகம். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இருப்பதால், அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும்படியும், நடுவில் வாயை மூடி ஓய்வு கொடுக்கும்படியும், பற்களுக்கு இடையில் ரப்பர் தாங்கு வைக்கும்படியும் முன்கூட்டியே கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். கேட்காவிட்டால் பலருக்குத் தோன்றாது. மன அழுத்தமும் புகையும் இரண்டு பக்கத்தையும் தொடுகின்றன. மன அழுத்தத்தில் இருப்பவர் பல்லையும் கடிக்கிறார், துலக்குவதிலும் அசட்டையாக இருக்கிறார். ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்து தெரிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

தூக்கத்தில் கடிப்பதைப் பற்றியும் கொஞ்சம். இதை இப்போது நோய் என்று சொல்வதில்லை. 2018-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எடுத்த நிலைப்பாடு, ஆரோக்கியமானவர்களிடம் இது ஒரு தசைச் செயல்பாடு மட்டுமே, சிலருக்கு அது தீங்குக்குக் காரணமாகலாம் என்பது. ஆழமில்லாத தூக்கத்தில் மூளை ஒரு சில நொடி அரைகுறையாக விழிக்கும்போது, இதயத் துடிப்பு ஏறி, அதைத் தொடர்ந்து தாடைத் தசை தாளகதியில் இயங்குகிறது. பல் வரிசை சரியில்லாததால்தான் கடிக்கிறோம் என்பது பழைய நம்பிக்கை. அதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே கடிப்பதை நிறுத்தவோ தாடை வலிக்கோ நல்ல பற்களை ராவித் தேய்க்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேய்த்ததை யாரும் திருப்பித் தர முடியாது. மது, புகை, மாலைக்கு மேல் குடிக்கும் காபி ஆகியவை கடிப்பதைக் கூட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளூவாக்ஸெட்டின், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு இதைத் தொடங்கிவைக்கின்றன. நீங்கள் அப்படி ஏதாவது சாப்பிட்டால் தானாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். குறட்டை அதிகமா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று மனைவியிடம் கேட்டுவையுங்கள். மூச்சுத் தடைக்கும் கடிப்பதற்கும் உள்ள உறவு முழுக்கத் தெளிவாகவில்லை. ஆனால் மூச்சுத் தடையைக் கண்டுபிடிப்பது எப்படியும் நல்லது.

நைட் கார்டு கடிப்பதை நிறுத்தாது, பல் தேய்வதைத் தடுக்கும். எதற்காகப் போடுகிறோம் என்பது தெரிந்தால் ஏமாற்றம் இருக்காது. ஆடும் பற்கள் இருப்பவருக்கு அழுத்தத்தை எல்லாப் பற்களுக்கும் பிரித்துக்கொடுத்து, இரவில் அவற்றை அசையாமல் பிடித்தும் வைக்கும். அந்த வகையில் உங்களுக்குப் பயன்படலாம். அதற்கு முழு வரிசையையும் மூடும் கெட்டியான அக்ரிலிக் கார்டு வேண்டும். முன்பற்களை மட்டும் மூடும் சின்னச் சாதனங்களைப் பல மாதம் போட்டால் மற்ற பற்கள் நகர்ந்து கடியே மாறிப்போகும் ஆபத்து இருக்கிறது. வெந்நீரில் போட்டு வீட்டிலேயே கடித்து வடிவமைக்கும் மெத்தென்ற வகை, சிலரை இன்னும் அதிகமாக மெல்லவைக்கிறது. முதலில் ஈறு என்று சொல்வதற்கு இங்கேயும் ஒரு காரணம் உண்டு. ஈறு வீக்கம் வடிந்ததும் நகர்ந்திருந்த பற்கள் கொஞ்சம் இடம் மாறலாம். வீக்கத்தோடு அளவெடுத்துச் செய்த கார்டு அப்புறம் பொருந்தாது. கழுவாத கார்டு ராத்திரி முழுக்கக் கிருமிப் படலத்தை ஈறோடு சேர்த்து அழுத்தி வைத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். காலையில் பிரஷ்ஷும் சோப்பும் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் போதும். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். தாடைத் தசையில் போடும் போடாக்ஸ் ஊசி கடியின் வலுவைச் சில மாதங்களுக்குக் குறைக்கும். ஈறு நோய்க்கு அது மருந்து இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பள்ளம் அளந்து எழுதிய சார்ட்டும், வேர் முழுசாகத் தெரியும் எக்ஸ்ரேயும் முதலில் கேட்பேன். சர்க்கரையும் பார்த்துக்கொள்வேன். ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் விடுவது எல்லோரும் செய்வது. செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். பல் இடுக்குக்குத் தனியாகச் சின்ன பிரஷ் வாங்கி, மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் பயன்படுத்துங்கள். அடுத்தது ஈறுக்கு மேலும் அடியிலும் சுத்தம் செய்வது. “க்ளீன் பண்ணினா பல் ஆடும்” என்று உங்களிடம் யாராவது நிச்சயம் சொல்வார்கள். நடப்பது என்னவென்றால், காரைதான் பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருந்தது. அது போனதும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும், வீக்கத்தில் மறைந்திருந்த இடுக்கும் வெளியே தெரிகின்றன. ஓரிரு வாரம் கூச்சமும் இருக்கும். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அழற்சி வடிந்தாலே ஆட்டம் ஓரளவு குறையும். அப்போதும் பள்ளம் ஆழமாகவே இருக்கிற இடங்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். குறுகலாகக் குழிந்த சில வகை எலும்புப் பள்ளங்களில் ஓரளவு எலும்பை வளரவைக்கவும் முடிகிறது.

கடியைச் சரிசெய்வது, கார்டு போடுவது, ஆடும் பற்களைப் பின்பக்கமாகக் கம்பியோ நாரோ வைத்துப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டுவது ஆகியவை அந்த மறுஅளவுக்குப் பிறகு வரும் முடிவுகள். மிச்சிகனில் 1992-ல் நடந்த ஒரு சோதனையில், ஈறுச் சிகிச்சையோடு கடியையும் சரிசெய்தவர்களுக்குப் பிடிப்பு சராசரியாக 0.4 மில்லிமீட்டர் கூடுதலாகக் கிடைத்தது. இருக்கிறது, ஆனால் சின்னது. ஆகவே விரலடியில் துடிக்கும் பல்லில், மேலே பட்டு இடிக்கும் புள்ளியை மட்டும் லேசாகக் குறைப்பதை நான் மறுக்க மாட்டேன். வாய் முழுக்க ராவுவதைத்தான் மறுக்கிறேன். பள்ளம் ஆறி, ரத்தம் நின்று, பல் லேசாக ஆடிக்கொண்டே இருந்தாலும், அந்த ஆட்டம் கூடாமல் மெல்லவும் சிரமம் இல்லாமல் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம். குறைந்த எலும்பில் நிற்கும் பல் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அப்படி ஆடிக்கொண்டே பல வருடம் வேலை செய்யும் பற்களை நான் பார்த்துவருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சுத்தம் செய்துகொள்வதை மட்டும் விடக் கூடாது.

தாடைக்கு இப்போதே தொடங்கக்கூடியவை உண்டு. பகலில் பல்லை விலக்கி வைப்பது, வலிக்கும் நாட்களில் மெத்தென்ற உணவு, கன்னத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம், கொட்டாவி விடும்போது தாடைக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொள்வது, சூயிங்கம்மை விடுவது. பெரும்பாலான தசை வலி சில வாரங்களில் இதற்கே அடங்கும். சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். நடக்கும்போது, மாடி ஏறும்போது தாடை வலித்து, நின்றால் குறைந்தால் அது இதயமாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் உள்ளவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, பார்வையும் மங்கினால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் வயதுக்கு அது பொருந்தாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தெரிந்திருக்கட்டும். சுற்றிலும் ஈறு சுத்தமாக இருந்தும் ஒரே ஒரு பல் மட்டும் சில வாரங்களில் வேகமாக ஆட ஆரம்பித்தாலோ, கீழ் உதட்டில் மரத்துப்போன உணர்வு இருந்தாலோ, கடிப்பதையும் ஈறையும் காரணமாகச் சொல்லி நாள் கடத்தாமல் உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.